ஜெர்மனியில் புதுவீடு: 65 விழுக்காடு விதியும் வீட்டுச் சூடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வீடு கட்டிக் குடியேறி, ஒரு முழுக் குளிர்காலத்தைக் கடந்துவிட்டோம். அதிலிருந்து, மனை வாங்கிய தமிழ் நண்பர்கள் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் சட்ட ஆலோசகன் இல்லை. கட்டி முடித்தவன், அவ்வளவுதான்.

65 விழுக்காடு விதி என்பது என்ன?

ஜெர்மனியின் கட்டட ஆற்றல் சட்டத்தில் 71ஆம் பிரிவு சொல்வது இது: புதிதாகப் பொருத்தும் சூடேற்றும் கருவி, தான் தரும் வெப்பத்தில் குறைந்தது 65 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்தோ, வேறு இடத்தில் வீணாகும் வெப்பத்திலிருந்தோ தர வேண்டும். நாடாளுமன்றம் 2023 செப்டம்பர் 8 அன்று நிறைவேற்றியது. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்திரிகைகளும் அக்கம்பக்கத்தாரும் சொல்லும் பெயர் ‘ஹைட்சுங்ஸ்கெசெட்ஸ்’, அதாவது சூடேற்றச் சட்டம்.

அன்று கிளம்பிய கூச்சலைக் கேட்டவர்கள் இது நேற்று முளைத்த கட்டாயம் என்று நினைக்கிறார்கள். புதுவீட்டுக்கு அப்படி இல்லை. 2009 ஜனவரி 1 முதலே ஒரு சட்டம் இருந்தது. சூரிய வெந்நீர்த் தகடு என்றால் வெப்பத் தேவையில் 15 விழுக்காடு, ஹீட் பம்ப் (வெளிக்காற்று அல்லது மண்ணின் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் கருவி) அல்லது மரக்கட்டை என்றால் 50 விழுக்காடு அவற்றிலிருந்து வர வேண்டும் என்றது அது. அந்தக் காலத்தில் பலர் எரிவாயுக் கொதிகலனை வைத்துவிட்டு, கூரையில் நாலைந்து சதுர மீட்டர் சூரியத் தகடு போட்டுக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். 2020 நவம்பரில் அந்தச் சட்டமும் வேறு இரண்டும் கட்டட ஆற்றல் சட்டம் என்று ஒன்றாக்கப்பட்டன. 65 என்ற எண் வந்தபிறகு அந்தப் பழைய வழி அடைபட்டது. புதிய செய்தி அது மட்டும்தான்.

எங்கள் மனைக்கு இது பொருந்துமா?

மனை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நகராட்சி புதிதாகத் திட்டமிட்டுப் பிரித்த குடியிருப்புப் பகுதி என்றால், 2024 ஜனவரி 1க்குப் பிறகு கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்த எல்லா வீடுகளுக்கும் உடனே பொருந்தும். பழைய தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனை என்றால் சட்டம் அவகாசம் தந்தது: ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் 2026 ஜூன் 30 வரை, மற்ற ஊர்களில் 2028 ஜூன் 30 வரை. அதற்குள் ஊர் தன் வெப்பத் திட்டத்தை, அதாவது எந்தப் பகுதிக்கு எந்த வழியில் சூடு என்பதை, வகுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அவகாசம் இருக்கிறதே என்று எரிவாயுவுக்குத் தாவுகிறவர்களுக்கு ஒன்று: அப்படிப் பொருத்திய கொதிகலனிலும் 2029 முதல் 15, 2035 முதல் 30, 2040 முதல் 60 விழுக்காடு உயிரிவாயு போன்றவற்றை எரிக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த வாயு அப்போது என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

ஆட்சி மாறிவிட்டதே, விதி போய்விடாதா?

2025இல் அமைந்த கூட்டணி, ஹைட்சுங்ஸ்கெசெட்ஸை ஒழிப்போம் என்று தன் உடன்படிக்கையிலேயே எழுதியது. ஆகவே நான் இங்கே சொல்வது 2024இல் நடைமுறைக்கு வந்த வடிவம் என்பதை மனதில் வையுங்கள். உங்களுக்குக் கணக்கு, விண்ணப்பம் கொடுக்கும் நாளில் நடப்பில் இருக்கும் சட்டம். அதைக் கட்டட வரைபடக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் 65 என்ற எண்ணையே அழித்தாலும் புதுவீட்டுக்குப் பெரிய மாற்றம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2023 ஜனவரி முதல், புதுவீட்டின் முதன்மை ஆற்றல் தேவை (எரிபொருளை எடுத்து, மாற்றி, வீடுவரை கொண்டுவரும் செலவும் சேர்த்த கணக்கு), சட்டம் அளவுகோலாக வைத்திருக்கும் மாதிரி வீட்டின் தேவையில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அது தனி விதி. அதற்கு மேலே, 2030 முதல் புதுக் கட்டடங்கள் புதைபடிவ எரிபொருளால் தம் மனையில் கரியமில வாயுவை வெளியிடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நெறிமுறை வகுத்தது. போதாக்குறைக்கு, புதிய குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் எரிவாயுக் குழாயே புதைப்பதில்லை. குழாய் இல்லாத தெருவில் கொதிகலனை வைத்து என்ன செய்வது?

விதியை நிறைவேற்ற என்னென்ன வழிகள்?

ஹீட் பம்ப், மாவட்ட வெப்பக் குழாய் (ஒரு பொது நிலையத்திலிருந்து பல வீடுகளுக்கு வெந்நீரில் சூடு கொண்டுவருவது), நேரடி மின்சாரச் சூடேற்றி, மரத்துகள் உருண்டை எரிக்கும் கொதிகலன், சூரிய வெப்பம், ஹீட் பம்போடு சிறிய எரிவாயுக் கொதிகலனைச் சேர்த்த கலப்பு முறை – இவற்றில் ஒன்றைச் சட்டம் சொன்னபடி வைத்தால் 65ஐ எட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். யாரும் வந்து மீட்டர் வைத்து விழுக்காடு பார்ப்பதில்லை. பட்டியலில் இல்லாத ஏதாவது சேர்மானம் செய்ய விரும்பினால்தான் நிபுணரின் கணக்கு வேண்டும்.

கலப்பு முறைக்கும் நிபந்தனை உண்டு. இரண்டு கருவியும் சேர்ந்து ஓடுகிற அமைப்பில் ஹீட் பம்ப் வெப்பச் சுமையில், அதாவது கடுங்குளிர் நாளில் வீட்டுக்கு வேண்டிய வெப்பத்தில், 30 விழுக்காட்டையாவது தாங்க வேண்டும்; மாறி மாறி ஓடினால் 40. நன்கு காப்பிட்ட புதுவீட்டுக்கு இந்த இரட்டைச் செலவு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பழைய வீட்டுக்காரர்களுக்கு அது பயன்படலாம்.

நடப்பில் என்ன நடக்கிறது? 2024இல் ஜெர்மனியில் கட்டி முடிக்கப்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஹீட் பம்பால் சூடாகின்றன. அதனால் விதியை நிறைவேற்றுவது பற்றிக் கவலைப்படாதீர்கள். ஹீட் பம்ப் வைத்தால் அது ஒரே கையெழுத்தில் நிறைவேறிவிடும். கவலைப்பட வேண்டியது அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வருவதைப் பற்றி. விதிக்கு உட்பட்டும் மின் கட்டணத்தில் அழுகிற வீடுகள் இருக்கின்றன.

ஹீட் பம்ப் மின்சாரத்தில்தானே ஓடுகிறது? நிலக்கரி மின்சாரமும் அதில் கலந்திருக்கிறதே, அது எப்படிப் புதுப்பிக்கத்தக்கது?

சென்னையில் இருக்கும் என் அப்பா கேட்டதும் இதையேதான். குளிர்சாதனப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்புறக் கம்பியில் விடுகிறது. ஹீட் பம்ப் தோட்டத்துக் காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுகிறது. பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரியில் இருக்கும் காற்றிலும் எடுப்பதற்குச் சூடு உண்டு. மின்சாரம் ஒரு பங்கு செலவானால், நல்ல புதுவீட்டில் ஆண்டுச் சராசரியாக நான்கு பங்கு வெப்பம் கிடைக்கும். அந்த நான்கில் மூன்று வெளிக்காற்று தந்தது. மிச்சம் ஒரு பங்கு மின்சாரத்திலும், 2023 முதல் ஜெர்மனி பயன்படுத்தும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலை, சூரியன் போன்றவற்றிலிருந்தே வருகிறது.

எத்தனை கிலோவாட் வாங்க வேண்டும்?

இதில்தான் நான் அடிபட இருந்தேன். 140 சதுர மீட்டர் வீடு. சூடேற்ற வேலைக்கு விலை கேட்ட முதல் நிறுவனத்தின் ஆள் வந்தார், காபி குடித்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், 12 கிலோவாட் என்று எழுதிக் கொடுத்தார். எந்தக் கணக்கும் இல்லை. “குளிர் நாட்களில் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும்” என்றார். எனக்கு அறிவு இருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆற்றல் ஆலோசகர் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்ததால் தப்பித்தோம்.

வெப்பச் சுமையை அறை அறையாகக் கணக்கிட ஒரு தர விதி இருக்கிறது, எண் 12831. ‘ஹைட்ஸ்லாஸ்ட்பெரெஷ்னுங்’ என்று கேளுங்கள். உங்கள் ஊரின் கடுங்குளிர் நாளில் ஒவ்வொரு அறையும் எத்தனை வாட் இழக்கிறது என்று அது சொல்லும். இன்றைய தரத்தில் கட்டிய வீடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 வாட் என்று வைத்துக்கொண்டால், 140 சதுர மீட்டருக்கு 5.6 கிலோவாட். எங்களுக்கு வந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பெரியதாக வாங்கினால் என்ன கெட்டுவிடும்? பெரிய பானையில் ஒரு பிடி அரிசி வேகவைத்துப் பாருங்கள். கடுங்குளிர் ஆண்டுக்குச் சில நாட்கள். மற்ற நாட்களில் வெளியே எட்டு டிகிரி, பத்து டிகிரி. வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும். பெரிய கருவி தன் வேகத்தை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள முடியாமல், ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நாளுக்கு முப்பது நாற்பது முறை இப்படித் துவங்கினால் மின்சாரமும் வீண், உள்ளே இருக்கும் அழுத்தியின் (கம்ப்ரசர்) ஆயுளும் குறையும். விலையும் சில ஆயிரம் யூரோ கூடுதல். அறைவாரிக் கணக்கைக் காட்டாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

தரைக்கு அடியில் குழாய் போடுவது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் போடாமல் விட்டால் வருந்துவீர்கள். ஹீட் பம்ப் எவ்வளவு குறைந்த சூட்டில் தண்ணீரை அனுப்பினால் போதுமோ அவ்வளவு சிக்கனமாக ஓடும். அனுப்பும் சூட்டில் ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் செலவு ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு குறையும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. தரை முழுக்கக் குழாய் என்றால் கடுங்குளிரிலும் 35 டிகிரி தண்ணீர் போதும். சுவரில் மாட்டும் ரேடியேட்டருக்கு 50, 55 கேட்கும்.

குழாய்களுக்கு நடுவே எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பத்து என்றால் நல்லது, குளியலறையில் இன்னும் நெருக்கம். இருபது என்று கண்டால் காரணம் கேளுங்கள். எஸ்ட்ரிஷ் என்னும் தரைக்கலவை மூடிய பிறகு இதை மாற்ற யாராலும் முடியாது. நான் கலவை ஊற்றுவதற்கு முந்தைய மாலை, அளவுநாடாவோடு எல்லா அறையிலும் மண்டியிட்டுப் படம் எடுத்தேன். மேலே மர அலமாரியைத் திருகி மாட்டும்போது எங்கே துளையிடக் கூடாது என்று அந்தப் படங்களே இன்றைக்கும் சொல்கின்றன.

மின்சார ஹீட்டரைச் சுவரில் மாட்டினால் மலிவாயிற்றே?

மாட்டும் செலவு மலிவு. வாடகைக்கு விடும் புதுவீடு என்றால் சட்டம் அதற்கு வைத்திருக்கும் நிபந்தனை கடுமை: வீட்டின் வெப்பக் காப்பு, சட்டம் கேட்கும் அளவைவிட 45 விழுக்காடு மேம்பட்டிருக்க வேண்டும். அங்கே சேமித்த பணம் சுவரிலும் ஜன்னலிலும் போய்விடும். உரிமையாளரே குடியிருக்கும், இரண்டு குடியிருப்புக்கு மிகாத வீட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆனால் எந்த வீட்டிலும் ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஒரு பங்கு வெப்பம்தான்.

மரத்துகள் உருண்டைகள் எரிக்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை. கிடங்கு அறை வேண்டும், புகைபோக்கி வேண்டும், புகைபோக்கி துடைப்பவர் ஆண்டுதோறும் வருவார், சாம்பலை நீங்கள் அள்ள வேண்டும். முக்கியமாக, மத்திய அரசின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி 2023இல் தொடங்கிய புதுவீட்டுக் கடன் திட்டம் மரம் எரிக்கும் வீட்டை ஏற்கவில்லை; இப்போதைய நிபந்தனையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதியில் மாவட்ட வெப்பக் குழாயில் சேரச் சொல்கிறார்கள்.

மனைப் பத்திரத்தையும் பகுதித் திட்டத்தையும் படியுங்கள். கட்டாய இணைப்பு என்று நகராட்சி விதித்திருக்க முடியும். விதி நிறைவேறும் பொறுப்பு அங்கே குழாய் நடத்துபவருடையது, உங்களுக்கு வேலை குறைவு. ஆனால் விற்பவர் ஒருவரே. நிலையான ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, விலை எந்தச் சூத்திரப்படி ஏறும் என்பதை முதலில் கேளுங்கள். ஒரு யூனிட் விலையை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள்.

கூரையில் சூரிய மின் தகடு போட்டால் 65இல் சேருமா?

சேராது. அது வேறு கணக்கு, வேறு சட்டம், பல மாநிலங்களில் வேறு கட்டாயம். பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் புதுக் குடியிருப்புகளுக்கு 2022 மே முதல், பெர்லினில் 2023 முதல், நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் 2025 முதல் கூரையில் மின் தகடு கட்டாயம். எப்படியும் போட வேண்டியதை ஹீட் பம்போடு சேர்த்துத் திட்டமிடுங்கள். ஆனால் விற்பனையாளர் சொல்வதுபோல் “குளிர்காலத்தில் இலவசச் சூடு” கிடையாது. டிசம்பரில் மூன்று வாரம் சூரியனையே பார்க்கவில்லை நாங்கள். மார்ச், அக்டோபர், அப்புறம் ஆண்டு முழுவதும் குளிக்கும் வெந்நீர் – இவற்றில்தான் தகடு கைகொடுக்கிறது.

மானியம் 70 விழுக்காடு என்கிறார்களே?

அது பழைய வீட்டில் பழைய கொதிகலனை மாற்றுகிறவர்களுக்கு. புதுவீட்டுக்கு அந்த மானியம் ஒரு யூரோகூட இல்லை. நண்பர் ஒருவர் அதை நம்பி வரவுசெலவுத் திட்டம் போட்டு, பிறகு சமையலறையைச் சுருக்கினார். புதுவீட்டுக்கு இருப்பது குறைந்த வட்டிக் கடன்: கே.எஃப்.டபிள்யூ.வின் காலநிலைக்கு உகந்த புதுவீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 1,00,000 யூரோ, நிலைத்த கட்டுமானத்துக்கான தரச் சான்றும் பெற்றால் 1,50,000. குழந்தைகள் உள்ள, வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களுக்கு இன்னொரு திட்டம் இருக்கிறது. எதுவானாலும் விண்ணப்பம் முதலில், ஒப்பந்த வேலை பிறகு. வரிசை மாறினால் கடன் போச்சு.

மின் நிறுவனம் ஹீட் பம்பை நிறுத்திவிடும் என்பது உண்மையா?

நிறுத்தாது, குறைக்கலாம். 2024 முதல் 4.2 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும் ஹீட் பம்பை, கம்பித் தடத்தில் நெருக்கடி வரும்போது 4.2 வரை குறைக்க வலையமைப்பு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. சிறிய பம்ப் அவ்வளவு இழுக்காதே என்று நினைத்தேன். உள்ளே இருக்கும் துணைச் சூடேற்றும் கம்பியும் கணக்கில் சேரும் என்று பிறகு தெரிந்தது. பதிலுக்கு வலையமைப்புக் கட்டணத்தில் ஆண்டுக்கு ஊரைப் பொறுத்து 110 முதல் 190 யூரோ வரை தள்ளுபடி. கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று சண்டைக்கு வந்தால்?

வருவதற்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பொதுவான குடியிருப்புப் பகுதியில் இரவில் அவர் ஜன்னலில் 40 டெசிபெல், குடியிருப்பு மட்டுமே உள்ள பகுதியில் 35 என்பது எல்லை. இரண்டு சுவர் சேரும் மூலையில் வெளிப்பெட்டியை வைத்தால் சத்தம் எதிரொலித்துக் கூடும். புரொப்பேன் வாயு உள்ள பம்ப் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் நிலவறை ஜன்னலும் வடிகால் குழியும் அருகில் இருக்கக் கூடாது.

ஜனவரியில் ஒரு நாள் காலையில், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் தோட்டத்தில் புகை புகையாக வருகிறது, பெட்டி தீப்பிடித்துவிட்டது என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். வெளிப்பெட்டியில் படியும் உறைபனியைப் பம்ப் தானே உருக்கிக்கொள்ளும். அப்போது எழும் நீராவி அது. உருகிய தண்ணீர் வடிய சரளைக்கல் குழி வேண்டும். நடைபாதையில் வடிந்தால் பனிக்கட்டியாகி நீங்களே வழுக்கி விழுவீர்கள்.

முதல் குளிர்காலத்தில் கட்டணம் எகிறிவிட்டது. கருவி பழுதா?

பெரும்பாலும் இல்லை. புதுவீட்டின் கலவையிலும் பூச்சிலும் நிறையத் தண்ணீர் இருக்கிறது. அது உலர்வதற்கு நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். எஸ்ட்ரிஷை உலர்த்தும் சில வாரச் சூடேற்றத்துக்கு யார் மீட்டர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள், எங்களுடையதில் எழுதவில்லை.

அடுத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைத் தீர்மானிக்கும் கோடு ஒன்று கருவியில் உண்டு. பொருத்துகிறவர்கள் புகார் வராமல் இருக்க அதை உயர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் வாரத்துக்கு ஒரு படி குறைத்து, மனைவி சால்வையைத் தேடிய நாளில் ஒரு படி ஏற்றி நிறுத்தினேன். ஆண்டுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவை என்றால், மூன்று மடங்கு தரும் பம்புக்கு 3,300 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நான்கு மடங்கு தந்தால் 2,500 போதும். ஒரு யூனிட் 30 சென்ட் என்றால் ஆண்டுக்கு 250 யூரோ வித்தியாசம்.

என்னென்ன தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

அறைவாரி வெப்பச் சுமைக் கணக்கு, ஒவ்வொரு குழாய்ச் சுற்றிலும் தண்ணீர் அளவைச் சமன்செய்த குறிப்பு, ஆற்றல் சான்றிதழ். கட்டி முடித்ததும், வீடு சட்டப்படி அமைந்திருக்கிறது என்ற நிறைவேற்ற அறிக்கையை, உங்கள் மாநிலச் சட்டம் குறிக்கும் அலுவலகத்துக்குத் தர வேண்டும். வரைபடக்காரர் தந்துவிட்டார் என்று நம்பிவிடாமல் நகலைக் கேளுங்கள்.

தாளிப்பு வாசனைக்கு என்ன செய்வது? காற்றுப் புகாத வீடாமே?

சூடேற்றத்துக்கு வெளியே உள்ள கேள்வி, ஆனால் அதிகம் கேட்கப்படுவது இதுதான். காற்றோட்டக் கருவி மணிக்கணக்கில் வாசனையை மெல்ல இழுக்கும். காய்ந்த மிளகாய் வெடிக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்கு அது ஈடுகொடுக்காது. வெளியே தள்ளும் உறிஞ்சியை வைத்தால் வெப்பமும் சேர்ந்து போகும். காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் வகை சூட்டைக் காக்கும், வாசனையை முழுதாகப் போக்காது. கூடத்தில் விறகு அடுப்பு வைக்கும் ஆசையும் இருந்தால், வெளியே தள்ளும் உறிஞ்சி அடுப்பின் புகையை அறைக்குள் இழுத்துவிடும். அதற்காகவே ஜன்னல் திறந்தால் மட்டும் உறிஞ்சி ஓடும்படி ஒரு சுவிட்ச் பொருத்தச் சொல்வார் புகைபோக்கி துடைப்பவர். நாங்கள் விறகு அடுப்பை விட்டுவிட்டோம், தாளிப்பை விடவில்லை.

கோடையில் இதே பம்பால் வீட்டைக் குளிர்விக்கலாமா?

குளிர்விக்கும் வசதி உள்ள வகையாக வாங்கியிருந்தால் முடியும். தரைக் குழாயில் 18, 20 டிகிரி தண்ணீரை ஓடவிட்டால் அறை இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்குக் கீழே போனால் தரையில் வியர்த்து வழுக்கும், ஆகவே ஈரப்பத உணர்கருவி கேட்டு வாங்குங்கள். சென்னை ஏ.சி.யை எதிர்பார்க்காதீர்கள். ஜூலை மதியம் வெறுங்காலோடு நடக்க இதமாக இருக்கிறது.